வெய்புல் வடிவ அளவுரு 0.7 வந்தால் பேரிங் மாற்றுவதை நிறுத்தலாமா?

இப்போதைக்கு நிறுத்த வேண்டாம். வெய்புல் என்பது பழுதாகும் காலங்களைப் பொருத்திப் பார்க்கும் புள்ளியியல் பரவல்; அதன் வடிவ அளவுரு 1-க்குக் கீழே இருந்தால் பாகம் ஓட ஓடப் பழுதாகும் வாய்ப்பு குறைகிறது என்று பொருள், அப்போது முன்கூட்டியே மாற்றுவதில் பயனில்லை; 1-க்கு மேலே இருந்தால் தேய்மானத்தால் அந்த வாய்ப்பு கூடுகிறது. கோத்தகிரித் தேயிலைத் தொழிற்சாலை ஜெனரேட்டரில் பழுதான ஒன்பது பேரிங்குகளின் நாட்கணக்கிலிருந்து நீங்கள் பெற்ற 0.7, ஒரே வகைப் பழுதைக் குறிப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மாட்டிய சில நாட்களிலேயே போனவை நான்கு, ஆண்டுக்கணக்கில் ஓடித் தேய்ந்தவை ஐந்து என்று உங்கள் பட்டியலே காட்டுகிறது. முன்னவை பெரும்பாலும் அச்சு நேராக அமையாததாலோ சுத்தியலால் அடித்து ஏற்றியதாலோ வருபவை. இரண்டையும் ஒரே கோட்டில் பொருத்தினால் அளவுரு 1-க்குக் கீழே இறங்கிவிடும்.

நாட்களை விட்டு, ஜெனரேட்டர் ஓடிய மணிகளைக் காட்டும் ஹவர் மீட்டர் எண்ணை எடுங்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் இரவும் பகலும் ஓடும் ஜெனரேட்டர், மற்ற மாதங்களில் சும்மா நிற்கும் அல்லவா? பிறகு தேய்மானத்தை மட்டும் பழுதாகக் கொண்டு, அந்த நான்கையும் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவற்றையும் அவை ஓடிய மணிவரை தேயாதவையாகச் சேர்த்து மீண்டும் பொருத்துங்கள். அளவுரு 1-ஐத் தெளிவாகத் தாண்டினால், குறித்த மணியில் மாற்றுவதற்குப் பொருள் உண்டு.

ஆனால் ஐந்தே பழுதுகளில் நம்பக இடைவெளி, அதாவது அளவுருவின் உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு, மிக அகலமாக இருக்கும். கீழ் எல்லை 1-க்குக் கீழே இருந்தால் முடிவெடுக்காதீர்கள். மலை ஈரத்தில் நின்றபடியே துருவேறிய பேரிங் ஏதும் இருந்தால், அதற்கு மட்டும் நாட்கணக்கே சரி.