கருப்பனுக்கு ஜன்னல் ஓரம்

கேள்வி: வீட்டில் ஒரு கருப்பு நாட்டு நாய், ஒரு வெள்ளைப் பூனை. வெயிலுக்குப் பயந்து இரண்டும் பகல் முழுக்க ஹாலிலேயே கிடக்கின்றன. போனில் எடுத்தால் முக்கால்வாசிப் படம் ஷேக் ஆகிவிடுகிறது, கருப்பன் வெறும் கருந்திட்டாகத் தெரிகிறான். நல்ல கேமரா வாங்கிவிடலாமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: காசைப் பத்திரமாக வையுங்கள் சகோதரி, குறை போனில் இல்லை. நம்ம வேலூர்ப் பக்கம் மார்ச் வந்தாலே ஜன்னலைச் சாத்தி, ஸ்கிரீனை இழுத்துவிட்டு, டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். அந்த வெளிச்சம் நம் கண்ணுக்குப் போதும், போனுக்குப் போதாது. அதனால் ஒரு படத்துக்கு அது 1/30 விநாடி, சில சமயம் 1/15 விநாடிகூட எடுத்துக்கொள்ளும். அதற்குள் கருப்பன் காதை உதறியிருப்பான். சும்மா படுத்திருக்கும் நாய்க்கு 1/125 போதும், தலையைத் திருப்பிக்கொண்டிருந்தால் 1/250 வேண்டும்.

வெயில் ஏறுவதற்கு முன், காலையில் ஸ்கிரீனை விலக்கி, ஜன்னலுக்கு மூன்றடிக்குள் கருப்பனின் சாக்கைப் போடுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் கருப்பு முடியின் பளபளப்பு தெரியும். வெள்ளைச் சுவர் பின்னால் இருந்தால் போன் அதைப் பார்த்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும், உங்கள் கருந்திட்டுக்கு அதுதான் காரணம். கலர் பெட்ஷீட் ஒன்றைத் தொங்கவிடுங்கள். பிறகு தரையில் உட்கார்ந்து அவன் கண் மட்டத்துக்குப் போனை இறக்கி, திரையில் அவன் கண்ணைத் தொடுங்கள். கருப்பு சாம்பலாக வெளுத்தால், பக்கத்தில் வரும் சூரியன் குறியை லேசாகக் கீழே இழுத்தால் சரியாகிவிடும். பூனைமேல் நேர்வெயில் கீற்று விழுந்தால் முடியே தெரியாது, ஜன்னலில் ஒரு மெல்லிய வேட்டியைக் கட்டிவிடுங்கள்.

நைட் மோடு வேண்டவே வேண்டாம், அது பல படங்களை எடுத்து ஒன்றாக்குவது, பூனை அதுவரை சும்மா இருக்காது. பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடும் மீசையை வெட்டிவிடும். எல்லாவற்றையும் நாமே அமைக்கும் ப்ரோ மோடு இருந்தால் வேகத்தை 1/250 விநாடி, ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டும் என்ற அளவு) 800 அல்லது 1600 வைத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக வந்தால் வரட்டும். ஆனால் டியூப்லைட்டில் இந்த வேகம் வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம், நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 தடவை மினுக்கும். அப்போது 1/100-க்கு இறக்கித் தூங்கும்போது மட்டும் எடுங்கள்.

அப்புறம், எடுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள். கருவாடு ஊட்டிய கையோடு எடுத்தால் எல்லாமே மூடுபனிதான்!

கேள்வி: ஃபிளாஷ் போட்டால் பூனையின் கண் பச்சையாக எரிகிறதே?
- வாசகர், ஆரணி

பதில்: பூனைக்கும் நாய்க்கும் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் உண்டு. போனில் ஃபிளாஷ் லென்ஸுக்கு ஒட்டியே இருப்பதால் அந்த ஒளி நேராகத் திரும்பி வந்துவிடுகிறது. அணைத்துவிடுங்கள். தனி ஃபிளாஷ் மாட்டும் கேமரா என்றால் அதை வெள்ளைக் கூரையைப் பார்த்துத் திருப்புங்கள், கண்ணும் எரியாது, பூனையும் ஓடாது.