மூளை சொன்னால் இயந்திரக் கை கேட்குமா? சில கேள்விகள், சில பதில்கள்

கேள்வி: 'கையை நீட்டு' என்று மனதில் நினைத்தாலே இயந்திரக் கை நீண்டுவிடுமா சார்?

வார்த்தையாக நினைத்துப் பயனில்லை. கையை நீட்ட முயல வேண்டும். கை அசையாவிட்டாலும், அந்த முயற்சியில் மூளையின் இயக்கப் பகுதியில் நரம்பணுக்கள் துடிக்கும். ஒவ்வொரு நரம்பணுவுக்கும் பிடித்த திசை ஒன்று உண்டு என்று 1980களில் மூளை ஆய்வாளர் ஜியார்கோபூலோஸ் குரங்குகளை வைத்துக் காட்டினார். ஓர் அணு வலப்பக்கம் என்றால் படபடக்கும், இடப்பக்கம் என்றால் அடங்கும். பல அணுக்களைச் சேர்த்துப் பார்த்தால் கை எங்கே போக நினைக்கிறது என்று கணினி கணித்துவிடும். ஓட்டு எண்ணுவது மாதிரிதான்.

கேள்வி: அப்படியானால் மனதில் உள்ள ரகசியமெல்லாம் தெரிந்துவிடுமே?

மூளையில் கையை அசைக்கும் பகுதியில் சிக்னலைப் பிடிக்கும் ஊசி வைத்தால் கையின் கதைதான் கேட்கும். பயப்படாதீர்கள்.

கேள்வி: மூளையின் மின் சிக்னலைத் தலைக்கு வெளியிலிருந்தே பிடிக்கும் ஈஈஜி தொப்பியை மாட்டினால் போதாதா? மண்டையை எதற்குத் திறக்க வேண்டும்?

தொப்பியிலும் முடியும், ஆனால் நிதானமாகத்தான். மண்டையோட்டைத் தாண்டி வரும் சிக்னல் சில பத்து மைக்ரோவோல்ட். ஒருமுறை கண் சிமிட்டினாலே அதற்குள் அமுங்கிப் போகும். பிடி, விடு என்ற அளவுக்குச் சரி. விரல் விரலாக அசைக்க அணுக்களின் பக்கத்திலேயே போக வேண்டும். அதற்காக மூளையில் பதிக்கும் 'யூட்டா' சில்லு 4 மில்லிமீட்டர் சதுரம். அதில் சுமார் 100 ஊசிகள்.

கேள்வி: என் தம்பிக்கு விபத்தில் முழங்கைக்குக் கீழே கை போய்விட்டது. சில்லு வைக்கலாமா?

நான் வேண்டாம் என்பேன். அவருக்கு நரம்பும் தசையும் மிச்சமிருக்கின்றன. தோல்மேல் தசைச் சிக்னலைப் பிடித்து இயங்கும் மயோஎலெக்ட்ரிக் கை இருக்கும்போது தலையைத் திறப்பானேன்? மூளைச் சில்லு முதன்மையாக முதுகுத்தண்டு அடிபட்டோ பக்கவாதத்தாலோ உடல் அசையாமல் போனவர்களுக்கானது, அதுவும் பெரும்பாலும் ஆய்வுக் கட்டத்தில்தான். முதலில் தம்பியை நல்ல செயற்கை உறுப்பு நிபுணரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மூளைச் சிக்னலைப் புரிந்துகொள்ளக் கணினியை ஒருமுறை பழக்கினால் அப்புறம் கவலையில்லையா?

கவலைதான்! ஊசி மயிரளவு நகர்ந்தாலும் நேற்றுக் கேட்ட அணு இன்று கேட்காது. அதனால் அடிக்கடி புதிதாகப் பழக்க வேண்டியிருக்கும். சுற்றிலும் தழும்புத் திசு வளர வளர சிக்னலும் மங்கும். விளம்பரங்களில் இந்தப் பக்கத்தைக் காட்ட மாட்டார்கள்.

கேள்வி: இயந்திரக் கை பொருளைப் பிடித்திருப்பதை சில்லு வைத்தவர் உணர்வாரா?

இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்றிருந்தேன். 2012இல் வெளியான ஆய்வில், சுமார் 15 ஆண்டுகளாகக் கைகால் அசையாத ஒரு பெண்மணி இயந்திரக் கையால் பாட்டிலை எடுத்து, ஸ்ட்ரா வழியாகக் காபி குடித்தார். ஆனால் பாட்டிலைத் தொட்டது கண்ணுக்குத்தான் தெரியும், கைக்குத் தெரியாது. கண்ணை எடுத்தால் பிடி தவறலாம். பிற்பாடு தொடு உணர்ச்சிப் பகுதியிலும் மெல்லிய மின்தூண்டல் கொடுத்துப் பார்த்தார்கள். 2021இல் வெளியான ஆய்வில், அந்தத் தூண்டல் சேர்ந்ததும், பொருட்களை எடுத்து வைக்க ஒருவருக்கு ஆன நேரம் சுமார் 21 விநாடியிலிருந்து 10 விநாடியாக இறங்கியது. கை அதே கைதான். மோட்டாரை மாற்றவில்லை.