தலையாட்டல் பங்கேற்பு ஆகுமா?

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) மாணவி நான். களப்பணிக்காகப் பந்தலூர் பக்கம் பணியர் பழங்குடியினரின் குடியிருப்பான ஒரு பாடிக்குப் போகிறேன். மருத்துவ முகாம் பற்றிக் கூட்டம் போட்டேன். இருபது பேர் வந்தார்கள். எதைக் கேட்டாலும் "சரி" என்றார்கள். 'மக்கள் நன்கு பங்கேற்றனர்' என்று எழுதிய அறிக்கையை மேற்பார்வையாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே தவறு?
- வாசகி, கூடலூர்

பதில்: திருப்பிக் கொடுத்தது நியாயம்தான். அவர்கள் சொன்னதால் முகாமில் எது மாறியது? அதை ஒரு வரி எழுத முடிந்தால் பங்கேற்பு நடந்திருக்கிறது. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் மக்கள் பங்கேற்பின் அளவைக் காட்ட 1969-இல் வகுத்த எட்டுப் படி ஏணியைப் படித்திருப்பீர்கள். உங்கள் கூட்டம் மூன்றாம் படியில், அதாவது தகவல் சொல்வதில், நிற்கிறது. அதையே ஒளிக்காமல் எழுதலாம்.

அடுத்த கூட்டத்துக்கு முன், எந்த முடிவு உண்மையிலேயே அவர்கள் கையில் இருக்கிறது என்று முகாம் நடத்தும் நிறுவனத்திடம் கேளுங்கள். தேதியும் இடமும் அவர்கள் விருப்பம், டாக்டர் யார் என்பது இல்லை என்றால், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எல்லாம் முடிவான பிறகு கருத்துக் கேட்டால் "சரி" என்பதைத் தவிர வேறென்ன சொல்வார்கள்?

நேரமும் முக்கியம். பகலில் கூப்பிட்டால் ஒரு நாள் கூலி போகும். தேயிலைக் கொழுந்தை எடை போட்டுத் திரும்ப மாலையாகிவிடும், இருட்டினால் யானை பயம். எது தோது என்று அவர்களையே கேளுங்கள். வந்ததும் கையெழுத்துத் தாளையும் மை டப்பாவையும் நீட்டாதீர்கள். எதற்கென்று தெரியாமல் ரேகை வைத்தவர், பிறகு வாய் திறக்கத் தயங்குவார்.

வாயால் கேட்டால் படித்த ஓர் இளைஞரே எல்லோருக்கும் பதில் சொல்லிவிடுவார். அதனால் காய்ச்சல், பிரசவம், பல்வலி, கண் என்று நான்கு படங்கள் வரைந்து, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு டப்பா வையுங்கள். ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை. எது அவசரமோ அதில் அதிகம் போடட்டும். இங்கேதான் பலர் சறுக்குவார்கள்: திறந்த தாளில் போடச் சொன்னால், முதல் ஆள் குவித்த இடத்திலேயே மற்றவர்களும் குவிப்பார்கள். மூடியில் துளையிட்ட டப்பாதான் சரி. பெண்களுக்குத் தனி வரிசை, தனி டப்பா. எண்ணுவதை அவர்கள் முன்னாலேயே எண்ணுங்கள். ஏன் இது அதிகம் என்று கேட்டால் அப்போது பேச்சு வரும். பணியர் மொழி தெரிந்த ஒருவர் உடனிருந்தால் நல்லது. ஆனால் அவர் சுருக்கிச் சொல்வதையே மக்கள் குரலாக எழுதிவிடாதீர்கள்.

வன உரிமைச் சட்ட விதிகளின்படி, கிராம சபைக்கு மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் விதியால் எண்ணிக்கையைத்தான் உறுதி செய்ய முடியும். பின்வரிசைப் பெண்ணைப் பேச வைப்பது உங்கள் வேலை.

அறிக்கையில் மூன்று விஷயம் போதும்: அவர்கள் சொன்னது, அதனால் மாறியது, மாறாதது ஏன். மாறாததை அடுத்த முறை போய் அவர்களிடமும் சொல்லுங்கள். பெயர்கள் வேண்டாம், சின்னப் பாடியில் 'ஆடு வளர்க்கும் விதவை' என்று எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.