பூட்டப்பட்ட பள்ளிகள் – கடிதம்

அன்புள்ள அக்கா,

1957இல் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில் எடுத்த அந்தப் புகைப்படத்தைச் சென்ற வாரம் பார்த்தேன். கறுப்பினப் பெண் ஒருத்தி நோட்டுப் புத்தகத்தோடு தனியாக, வெள்ளையர் மட்டும் படித்துவந்த பள்ளிக்கு நடந்து போகிறாள், பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண் கத்துகிறாள். கத்தியவர் பிறகு வருந்தினாரா? இன்னொரு சந்தேகமும் உண்டு. சட்டம் போட்டு மனதை மாற்ற முடியுமா? பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாதென்று சொல்ல நீதிமன்றம் அவசரப்படாமல், தென் மாநிலத்து மக்கள் பழகும்வரை கொஞ்சம் பொறுத்திருந்தால் இத்தனை வெறுப்பு வந்திருக்காதோ என்று தோன்றுகிறது. இதைப் பற்றி எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

க., திருச்சி

அன்புள்ள க.,

முதல் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கத்திய ஹேசல் பிரையன் சில வருடங்கள் கழித்து, படத்தில் தனியாக நடந்துபோன எலிசபெத் எக்ஃபோர்டைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். 1997இல் இருவரும் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், கொஞ்ச காலம் தோழிகளாக இருந்தார்கள், பிறகு விலகிவிட்டார்கள். அதற்கு மேல் அந்தக் கதையில் எனக்கு ஆர்வமில்லை. அந்தப் படம், கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதற்கு எதிர்ப்பு என்றாலே தெருவில் கத்துகிற கூட்டம் என்று நம் மனதில் பதித்துவிட்டது. அடுத்த வருடமே, இனம் கலந்து படிப்பதைத் தடுக்க, அதே ஊரின் உயர்நிலைப் பள்ளிகள் அத்தனையையும் ஆளுநர் ஃபாபஸ் மூடினார், கல்வியாண்டு முழுக்க அவை திறக்கவில்லை. அதற்கு யாரும் கத்த வேண்டியிருக்கவில்லை.

சரி, உங்கள் இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. "கொஞ்சம் பொறுத்திருந்தால்" என்கிறீர்கள். பொறுக்கவேண்டியது யார்? நீங்களா, நானா, நீதிபதிகளா? ஏழு வயதுக் குழந்தை பொறுக்க வேண்டும். அதை யோசிக்காமல் எழுதிவிட்டீர்கள்.

வர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி என்று ஒரு பகுதி இருக்கிறது. அதன் தலைநகரம் ஃபார்ம்வில். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளியை 180 பேருக்கென்று கட்டினார்கள். பத்துப் பன்னிரண்டு வருடங்களில் 450க்கும் மேற்பட்டவர்கள் படிக்க வந்துவிட்டார்கள். இடம் போதாமல் தார்க் காகிதம் ஒட்டிய கொட்டகைகளைப் போட்டார்கள். 1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயதுப் பெண் தலைமையாசிரியரைத் தந்திரமாக வெளியே அனுப்பிவிட்டு, மாணவர்கள் எல்லாரையும் அரங்கில் கூட்டி வேலைநிறுத்தம் அறிவித்தார். அவர்கள் கேட்டது ஒரு நல்ல கட்டடம், அவ்வளவுதான். வழக்கறிஞர்கள்தான், வழக்குப் போட்டால் இனப் பிரிவினையையே எதிர்த்துப் போடுவோம் என்றார்கள். பெண்ணின் உயிருக்கு ஆபத்து என்று பயந்து, பெற்றோர் அவரை மான்ட்கமரியில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த வழக்கும் சேர்ந்த ஐந்து வழக்குகளில்தான் 1954 மே 17 அன்று, பொதுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற உச்ச நீதிமன்றத்தின் பிரவுன் தீர்ப்பு வந்தது. நீங்கள் நீதிமன்றம் அவசரப்பட்டது என்கிறீர்கள். உண்மையில் 1955இல் அதே நீதிமன்றம், எந்தத் தேதிக்குள் என்று சொல்லாமலே அமல்படுத்தும் பொறுப்பைக் கீழ் நீதிமன்றங்களிடம் விட்டது. நீங்கள் கேட்கிற பொறுமையை அது அன்றே காட்டிவிட்டது. அந்த அவகாசத்தை அவர்கள் பழகுவதற்கா பயன்படுத்தினார்கள்? செனட்டர் ஹாரி பேர்ட் 1956இல் வர்ஜீனியா முழுக்கப் பெரும் எதிர்ப்புக்கு அழைப்பு விடுத்தார். இனம் கலந்த பள்ளியை மூடவும் அதற்கு நிதியை நிறுத்தவும் மாநிலம் சட்டங்கள் போட்டது. நார்ஃபோக்கில் மட்டும் சுமார் பத்தாயிரம் வெள்ளைக்கார மாணவர்கள் 1958இல் பள்ளியை இழந்தார்கள்.

அந்தச் சட்டங்கள் 1959 ஜனவரியில் செல்லாமல் போயின. பிரின்ஸ் எட்வர்டில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். பள்ளிக்கென்று வரி விதிக்காமல் விட்டுவிட்டார்கள். கல் எறியவில்லை, யாரையும் அடிக்கவில்லை. கோட்டு சூட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் கூட்டம் நடத்தி, பட்ஜெட்டில் பள்ளிக்குப் பணம் ஒதுக்காமல் எழுந்து போனார்கள். கவுண்டியின் பொதுப் பள்ளிகள் எல்லாம் மூடின. 1953இல் மோட்டனுக்காகப் புதிதாகக் கட்டிக்கொடுத்த கட்டடமும் அதில் சேர்ந்தது. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி உடனே திறந்தது, பின்னர் அதற்கு மாநில உதவித்தொகையும் வரிச் சலுகையும் கிடைத்தன. கட்டணம் கட்ட முடியாத ஏழை வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளும் வீட்டில்தான் இருந்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்கும் தனியார் பள்ளி வைத்துத்தருகிறோம் என்றார்கள். வாங்கிக்கொண்டால் வழக்கே வலுவிழந்துபோகும் என்று பெற்றோர் மறுத்தார்கள். எவ்வளவு பெரிய முடிவு அது! வீட்டில் படிக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே எடுத்த முடிவு.

இப்படி ஐந்து வருடங்கள் போயின. பாதிரியார் பிரான்சிஸ் கிரிஃபின் தேவாலயங்களில் சின்னச் சின்ன வகுப்புகள் நடத்த வழிசெய்தார். சில பிள்ளைகள் வேறு மாநிலங்களில் முன்பின் தெரியாத குடும்பங்களோடு தங்கிப் படித்தார்கள். பலர் புகையிலை வயலுக்குப் போனார்கள். 1959இல் ஏழு வயதாக இருந்த குழந்தை, பொதுப் பள்ளி மறுபடி திறந்தபோது பன்னிரண்டு வயது. இடையில் 1963இல்தான் நன்கொடையில் இலவசப் பள்ளிகள் ஆரம்பித்தார்கள்.

எனக்கு இது ஏன் இப்படி உறைக்கிறது என்றால், சிறுவயதில் அப்பா படுக்கையில் விழுந்தபோது ஒரு வருடம் நான் பள்ளிக்குப் போகவில்லை. அம்மா வேலைக்குப் போனார், நான் வீட்டைப் பார்த்துக்கொண்டேன். திரும்பிப் போனபோது தம்பியும் நானும் ஒரே வகுப்பு. கூடப் படித்தவர்கள் அடுத்த வகுப்பு வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன். எனக்கு ஒரு வருடம், அதுவும் யாரும் வேண்டுமென்று எடுத்துக்கொண்டதல்ல. ஐந்து வருடங்களைத் தீர்மானம் போட்டு எடுத்துக்கொண்டால் எப்படி இருந்திருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சட்டம் மனதை மாற்றுமா என்ற கேள்வியை நான் எடுத்துக்கொள்ளவே போவதில்லை. அந்தக் குழந்தைகளுக்கு வேண்டியிருந்தது திறந்த பள்ளி, பக்கத்து வீட்டுக்காரரின் மனது அல்ல. 1964 மே மாதம் உச்ச நீதிமன்றம் பள்ளிகளைத் திறக்க வழிசெய்தது. தேவையானால் வரி விதிக்கும்படியே கவுண்டிக்குக் கட்டளையிடலாம் என்றது. தீர்ப்பை எழுதிய ஹியூகோ பிளாக் அலபாமாக்காரர், ஒரு காலத்தில் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பில் உறுப்பினராக இருந்தவர். இனிப் பொறுக்க நேரமில்லை என்று அவரே சொன்னார். செப்டம்பரில் பொதுப் பள்ளிகள் திறந்தன, வெள்ளையர் பிள்ளைகள் மிகச் சிலர்தான் வந்தார்கள்.

இழந்தவர்களுக்கு வர்ஜீனியா உதவித்தொகை அறிவித்தது 2004இல். அதற்குள் அவர்களில் பலருக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். அந்த 1964 தீர்ப்பிலிருந்து தொடங்குங்கள், கிரிஃபின் வழக்கு என்று தேடினால் கிடைக்கும். ரொம்ப நீளமில்லை. பிரவுன் தீர்ப்பை அப்புறம் படிக்கலாம். படித்துவிட்டு எழுதுங்கள், நிச்சயம் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா