மண்ணுக்குள் ஒளிந்திருந்த பூ

கேள்வி: ஐயா, அழிந்துபோனதாக நினைத்த பூ ஒன்று சரவாக்கில் மீண்டும் கிடைத்ததாமே? எங்கள் தோட்டத்து ஓரக்காட்டிலும் தேடலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கிடைத்தது உண்மைதான் அம்மா. பெயர் திஸ்மியா நெப்டூனிஸ். 1866இல் இத்தாலியர் ஒடோவார்டோ பெக்காரி சரவாக்கின் மாத்தாங் மலைக்காட்டில் கண்டு வரைந்து வைத்தார். அடுத்து அதைக் கண்டவர்கள் செக் நாட்டு ஆய்வாளர்கள். 2017 ஜனவரியில், அதே மலைப்பகுதியில். 151 ஆண்டு இடைவெளி!

அது எங்கும் போய்விடவில்லை. இலையும் பச்சையமும் இல்லாத செடி. மண்ணுக்குள்ளேயே பூஞ்சையை அண்டிப் பிழைக்கிறது. சில வாரம் பூ மட்டும் எட்டிப் பார்க்கும், அதுவும் எல்லா ஆண்டும் இல்லாமல் இருக்கலாம். விரல் நீளம்தான் இருக்கும். வெளிறிய குழாயில் சிவப்புக் கோடுகள், உச்சியில் நூல்போல மூன்று கொம்புகள். சருகு மேல் கிடந்தால் ஏதோ பூச்சி என்று தாண்டிப் போயிருப்பேன். நெற்றி விளக்கோடு ரப்பர் பால் வெட்டப் போன அம்மாவின் பின்னால் பத்து வருடம் நடந்தவன் நான். அட்டையைத் தவிர எதையும் குனிந்து பார்த்ததில்லை.

மருந்து அடித்த செம்பனை நிரையில் தேடாதீர்கள். ஓரக்காட்டில் ஈரச் சருகு குவிந்த இடத்தில் பாருங்கள். எதைக் கண்டாலும் பிடுங்காமல் படம் எடுங்கள்.