தீ அணைந்த பிறகும் முகக்கவசம் வேண்டும்

தீயணைப்பு வீரர்களின் உடல்நலம், மனநலம் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

சுடர் அடங்கியதும் பி.ஏ. செட்டை (முகக்கவசமும் காற்று சிலிண்டரும் உள்ள சுவாசக் கருவி) கழற்றிவிட்டு, ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு கிளறி அணைக்கிற வேலையைப் பார்க்கிறோம். அப்போது புகைகூட அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆபத்து உண்டா?
– தீயணைப்பு வீரர், சென்னை

உண்டு. பல சமயம் அந்த நேரத்தில்தான் அதிகம். நன்றாகக் காற்று கிடைத்து எரியும் தீயைவிட, சுடரில்லாமல் கனன்றுகொண்டிருக்கும் பொருள் கார்பன் மோனாக்சைடைக் கூடுதலாகக் கக்கும். மெத்தை, சோபாவின் ஃபோம், நைலான், கம்பளி இவற்றிலிருந்து ஹைட்ரஜன் சயனைடும் வரும். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாதவை. ஈரத்துண்டு கொஞ்சம் கரித்துகளைத் தடுக்கலாம், வாயுவைத் தடுக்காது. என்95 மாஸ்க்கும் அப்படித்தான்.

அமெரிக்கத் தீயணைப்புத் துறைகள் பலவற்றில் கார்பன் மோனாக்சைடு 35 பிபிஎம்முக்கு (காற்றின் பத்து லட்சம் பங்கில் 35 பங்கு) கீழே இறங்கிய பிறகே முகக்கவசத்தைக் கழற்ற அனுமதிக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வாயுவை அளக்கும் மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. சயனைடுக்கு வேறு சென்சார் வேண்டும். மீட்டரே இல்லாத நிலையத்தில் ஒரே வழிதான்: கிளறும் வேலை முடிகிறவரை செட் உடம்பில் இருக்கட்டும்.

2017இல் தியாகராய நகர் ஜவுளிக்கடைத் தீ, 2022இல் பெருங்குடி குப்பைக் கிடங்குத் தீ போல நாள்கணக்கில் நீளும் இடங்களில் இது நடக்காதே என்று கேட்பீர்கள். அங்கே யாரும் நாள் முழுக்க சிலிண்டரைச் சுமக்க முடியாது, உண்மைதான். அதனால் ஆளைக் குறைத்து தூரத்தைக் கூட்ட வேண்டும். காற்று வரும் திசையில் நின்று ஜெட் அடிப்பது, கிளறுவதைப் பொக்லைனிடம் விடுவது, புகைக்குள் போகிறவர்களை மட்டும் செட்டோடு அனுப்பி, அவர்களையும் மாற்றி மாற்றி அனுப்புவது. சும்மா நிற்கிறவர்களும் லாரி ஓட்டுநரும் புகைக்குள் நிற்கத் தேவையே இல்லை. பெரிய தீக்களில் இவர்களும் நிறையப் புகை குடிக்கிறார்கள்.

45 நிமிடம் வரும் என்ற சிலிண்டர் 20 நிமிடத்தில் விசில் அடிக்கிறது. செட்டில் கோளாறா?
– பயிற்சியில் இருப்பவர், மதுரை

பெரும்பாலும் கோளாறு இல்லை, கணக்குதான். 6.8 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தம் என்றால் ஏறக்குறைய 2,000 லிட்டர் காற்று. காற்று தீரப்போகிறது என்று எச்சரிக்கும் விசில் 50 பாரை ஒட்டி அடிக்கும். அதுவரை உங்கள் கையில் இருப்பது சுமார் 1,700 லிட்டர். நிமிடத்துக்கு 40 லிட்டர் மூச்சு என்று வைத்துத்தான் அந்த '45 நிமிடம்'. ஹோஸைத் தோளில் போட்டு மாடி ஏறுகிற ஆள் 80 லிட்டர் இழுப்பார். 21 நிமிடத்தில் விசில் அடித்தே தீரும்.

ஆகவே நேரத்தை நம்பாமல் சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் கேஜைப் பாருங்கள். உள்ளே போக 60 பார் செலவானால் திரும்பவும் 60 பார் வேண்டும். அதன்மேல் விசிலுக்கான 50. முள் 110க்கு வருவதற்குள் வெளியே நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். விசில் அடித்த பிறகு வெளியேறலாம் என்பவர் இரவல் காற்றில் நடக்கிறார்.

இன்னொன்று, தாடி. மாலை போட்டிருக்கும் மாதங்களில் இதைச் சொன்னால் சங்கடம்தான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். முகக்கவசத்தின் ரப்பர் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு நாள் முடி இருந்தாலே காற்று கசியும். கசிந்தால் சிலிண்டர் சீக்கிரம் காலியாகும். வேகமாக மூச்சிழுக்கும்போது வெளிப்புகை உள்ளேயும் வரலாம். விரதத்தில் இருப்பவரை அந்த நாட்களில் பம்ப், வண்டி, தகவல் தொடர்பு வேலைகளில் வைக்கலாம்.

புகை குடித்த பிறகு தலைவலி, குமட்டல். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டியது. ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். சரியா?
– வாசகர், திருப்பூர்

சரியில்லை. கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தமும் அந்தக் கருவியின் கண்ணுக்குச் சிவப்புதான். ஆக்சிஜன் என்று நினைத்து 98 காட்டிவிடும். ரத்தத்தில் கார்பாக்சி ஹீமோகுளோபின் அளவைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சாதாரணக் காற்றில் இந்த விஷம் பாதியாகக் குறையவே 4, 5 மணி நேரம் ஆகும். மாஸ்க் வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். அதனால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் ஆக்சிஜனைத் தொடங்கிவிட வேண்டும். குழப்பமாகப் பேசுவது, மயக்கம், வலிப்பு இருந்தால் சயனைடையும் சந்தேகிக்க வேண்டும். அது அவசர சிகிச்சைப் பிரிவின் வேலை.

பாலும் வாழைப்பழமும் சாப்பிட்டால் புகை வெளியேறுமா? வெல்லம்?
– வாசகி, தஞ்சாவூர்

புகை போனது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு. பசிக்கு நல்லது, அவ்வளவுதான்.

என் கணவர் சட்டையில் எப்போதும் கரி வாடை. பிள்ளைகள் துணியோடு சேர்த்துத்தான் வாஷிங் மெஷினில் போடுகிறேன். பரவாயில்லையா?
– தீயணைப்பு வீரரின் மனைவி, சிவகாசி

சேர்த்துப் போடாதீர்கள் அம்மா. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. சிறுநீர்ப்பைப் புற்றும், நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் மீசோதெலியோமாவும் உறுதியாகச் சொல்லப்பட்டவை. காரணங்களில் ஒன்று, தோலில் ஒட்டும் கரி. மூச்சுக்குச் செட் போட்டவருக்கும் கழுத்து, தாடையின் அடிப்பக்கம், மணிக்கட்டு, தொடை இடுக்கு வழியாக அது உள்ளே போகும்.

வாடை வீட்டுக்கு வருகிறது என்றால் வேலை இடத்திலேயே ஒரு படி விடுபட்டிருக்கிறது. செட்டைக் கழற்றும் முன், முகக்கவசம் முகத்தில் இருக்கும்போதே, தீயணைப்பு மேலங்கியான கோட்டை மேலிருந்து கீழாக பிரஷ்ஷால் தட்ட வேண்டும். பிறகு ஒரு வாளி சோப்புத் தண்ணீரால் தேய்த்து அலச வேண்டும். அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில் வெறும் பிரஷ் கால்வாசிக் கரியைக்கூட நீக்கவில்லை. சோப்பும் தண்ணீரும் சுமார் 85 சதவீதத்தை நீக்கின. உங்கள் ஊர்ப் பக்கம் பட்டாசு ஆலைத் தீ என்றால் பிரஷ் வேண்டாம். உராய்வில் பற்றக்கூடிய மருந்துத்தூள் ஒட்டியிருக்கலாம். எடுத்த எடுப்பில் நிறையத் தண்ணீர்.

அடுத்து கழுத்து, முகம், கைகளை ஈரத்துணியால் துடைப்பது, அதன் பிறகே டீ, பீடி, பிஸ்கட். நிலையத்திலேயே குளியல். உள்ளாடை, காக்கி எல்லாம் பையில் கட்டி, முடிந்தால் அங்கேயே துவைப்பது. வீட்டுக்கு வந்தே தீரும் என்றால் தனியாக, கையுறையோடு, கடைசியாகத் துவையுங்கள். பிறகு மெஷினைத் துணி இல்லாமல் ஒரு சுற்று ஓடவிடுங்கள். தீக்கோட்டுக்கு மட்டும் பிளீச் கூடாது, நாரை அரித்துவிடும். கரியேறிய கோட்டை வீரத்தின் அடையாளமாக நினைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. போகவேண்டிய பழக்கம் அது.

எங்கள் நிலையத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் அதிகம். மாரடைப்புப் பயம் இருக்கிறது.
– நிலைய அலுவலர், கொங்கு மண்டலம்

பயம் நியாயமானது. அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரையிலான பணி மரணங்களை ஆராய்ந்தவர்கள், வேலை நேரத்தில் 1 முதல் 5 சதவீதமே எடுக்கும் தீயணைக்கும் நேரத்தில், இதயநோய் மரணங்களில் 32 சதவீதம் நிகழ்ந்ததாகக் கண்டார்கள். கனத்த கோட்டுக்குள் வியர்த்து ரத்தம் சுண்டுகிறது, உறையும் தன்மை கூடுகிறது, இதயமோ உச்சத்தில் ஓடுகிறது.

இரண்டு 30 நிமிட சிலிண்டரோ, ஒரு 45 நிமிட சிலிண்டரோ முடித்த ஆளுக்கு 20 நிமிட ஓய்வு கட்டாயம். நிழலில் கோட்டைத் திறந்து, முழங்கைவரை இரு கைகளையும் வாளித் தண்ணீரில் வைக்கச் சொல்லுங்கள். செலவில்லாத, நன்றாக வேலை செய்யும் குளிரூட்டல் இது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, நடுவே ஓ.ஆர்.எஸ். 20 நிமிடம் கழித்தும் நாடி 100க்கு மேல் என்றால் அவரைத் திரும்ப உள்ளே அனுப்பக் கூடாது. 'நான் நல்லாத்தான் இருக்கேன் சார்' என்பதை மருத்துவக் குறிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நெஞ்சு இறுக்கம், தாடையிலோ இடது கையிலோ வலி என்றால் 108, உடனே இ.சி.ஜி. வாயு என்று சோடா குடிக்கவைத்து உட்கார்த்திவைப்பது இங்கே அடிக்கடி நடக்கிற தவறு.

கிணற்றிலிருந்து ஒரு குழந்தையின் உடலை எடுத்த பிறகு என் மகன் தூங்குவதில்லை. கிணற்றுப் பக்கமே போவதில்லை. குடிக்கவும் ஆரம்பித்துவிட்டான்.
– ஒரு தாய், நாமக்கல்

முதல் சில வாரங்கள் கெட்ட கனவு, திடுக்கிடல், எரிச்சல் பலருக்கும் வரும், பலருக்குத் தானாகவே தணியும். ஒரு மாதம் தாண்டியும் தொடர்ந்தாலோ, இப்போதே குடியும் சேர்ந்திருந்தாலோ காத்திருக்க வேண்டாம். குடி சட்டென்று தூக்கத்தைத் தரும், பின்னிரவில் எழுப்பிவிடும். கனவும் கூடும். இந்தப் பாதிப்புக்கென்றே வடிவமைத்த பேச்சு சிகிச்சை உண்டு, தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார். டெலி மானஸ் 14416 இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். சாகவேண்டும் என்ற பேச்சு வந்தால் அன்றே அழைத்துப் போங்கள், தனியே விடாதீர்கள்.

வேலைக்குத் தெரிந்துவிடும் என்று அவர் தயங்கலாம். சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காப்பது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி அவருடைய உரிமை.

அப்படிப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு எல்லோரையும் உட்காரவைத்து, ஒவ்வொருவராக மனதில் உள்ளதைச் சொல்லவைக்கலாமா?
– நிலைய அலுவலர், திருநெல்வேலி

கட்டாயப்படுத்தி வேண்டாம். ஒரே அமர்வில் மனதில் உள்ளதைக் கொட்டவைக்கும் முறை மனப்பாதிப்பைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கூடவும் செய்யலாம் என்று ஆய்வுகளின் தொகுப்பு 2002லேயே சொல்லிவிட்டது. என்ன நடந்தது, அடுத்து என்ன என்று பத்து நிமிடம் பேசுங்கள். சாப்பாடு, குளியல், வீட்டுக்கு ஒரு போன். பேச வருகிறவரிடம் நேரம் ஒதுக்கிப் பேசுங்கள்.

தடுப்பு சம்பவ இடத்திலேயே தொடங்குகிறது. உடலைத் தூக்கத் தேவையான ஆட்கள் மட்டும் போதும், மற்றவர்கள் பார்க்க வேண்டியதில்லை. வெளியே வந்ததும் முகத்தை மூடிவிடுங்கள். பள்ளி அடையாள அட்டை, செருப்பு, பை இவற்றை எடுத்துப் பார்க்க வேண்டாம், காவல்துறையிடம் விட்டுவிடுங்கள். அழும் குடும்பத்தாருக்கும் தூக்கிய வீரருக்கும் நடுவே வேறொருவர் நிற்கட்டும். நீச்சல் தெரிந்தவர் என்பதற்காக ஒவ்வொரு கிணற்றுக்கும் அதே ஆளை இறக்காதீர்கள். யார் எப்போது இறங்கினார் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், மூன்றாவது முறை அழைக்கும் முன் உங்களுக்கே தெரியும்.