மரத்தூளும் நானோ இழையும்

அன்புள்ள ஐயா,

பிளாஸ்டிக்கில் மரத்தூள் கலந்தால் இடத்தை அடைக்கும், அதிலுள்ள செல்லுலோஸை (மரத்தின் நார்ப்பொருள்) நானோ அளவில் கலந்தால் பாரம் தாங்கும் என்று எழுதியிருந்தீர்கள். பொருள் ஒன்றுதானே? பொடித்தால் எப்படி வலு வரும்? நான் டபிள்யூ.பி.சி. (பிவிசி பிளாஸ்டிக்கில் மரத்தூள் கலந்த பலகை) கதவு விற்கிறேன். அதில் இதைச் சேர்க்கலாமா?

ரா., ஈரோடு

அன்புள்ள ரா.,

பொடிப்பதால் வலு வருவதில்லை, முன்பே இருப்பது வெளிப்படுகிறது. செல்லுலோஸ் படிகத்தின் விறைப்பு ஏறத்தாழ 140 ஜிகாபாஸ்கல், அலுமினியத்தைப்போல் இரு மடங்கு. மரத்தூளில் அது லிக்னின் என்ற, மரத்தை ஒட்டிவைக்கும் பொருளோடு சிக்கிக் கிடக்கிறது. சுத்தம் செய்த மரக்கூழைக் கந்தக அமிலத்தில் சூடாக்கினால் ஒழுங்கற்ற பகுதிகள் கரைந்து, ஊசி ஊசியாகப் படிகம் மிஞ்சும்.

அப்புறம் பரப்பு. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்துக்கு 6 சதுர சென்டிமீட்டர்தான் மேற்பரப்பு. அதையே 10 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கனசதுரத் துண்டுகளாக நறுக்கினால் 600 சதுர மீட்டர், அதாவது இரண்டரை கிரவுண்டுக்கு மேல். பிளாஸ்டிக் பிடித்துக்கொள்ள அவ்வளவு இடம் கிடைக்கிறது.

ஆனால் பரப்பு பாதிக் கதைதான். 1995இல் பிரான்சின் கிரெனோபிள் ஆய்வாளர்கள், ட்யூனிகேட் என்ற கடற்பிராணியின் தோலிலிருந்து எடுத்த இழைகளை (ஆமாம், செல்லுலோஸ் செய்யும் பிராணியும் உண்டு!) ரப்பர் போன்ற ஒரு லேடெக்ஸில் கலந்து மெதுவாக உலர்த்தினார்கள். எடையில் 6 சதவீத இழைக்கே, இளகிய நிலையில் இருந்த அந்த லேடெக்ஸ் பொருளின் விறைப்பு நூறு மடங்குக்கு மேல் ஏறியது. இழைகள் ஒன்றையொன்று தொட்டு, ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டி, உள்ளுக்குள் ஒரு வலை கட்டிவிட்டன. அகலத்தைப்போல் 70 மடங்கு நீளமுள்ள இழை என்றால் கனஅளவில் 1 சதவீதத்திலேயே வலை தொடங்கும். 10 மடங்கு மட்டுமே நீளமுள்ள குட்டை ஊசிக்கு 7 சதவீதம் வேண்டும். சிறியதாக இருந்தால் மட்டும் போதாது, ஒல்லியாகவும் நீளமாகவும் இருக்க வேண்டும்.

வலைதான் காரணம் என்பதைத் தண்ணீர் காட்டிக்கொடுத்தது. 2008இல் அமெரிக்காவில் ஒரு குழு இதே வகை இழையை வேறொரு ரப்பரில் கலந்து நனைத்தபோது, பிணைப்புகளுக்குள் தண்ணீர் புகுந்து விறைப்பு 800 மெகாபாஸ்கலிலிருந்து 20க்கு இறங்கியது. உலர்ந்ததும் திரும்பியது.

சரி, உங்கள் கதவு. மெதுவாக உலர்த்தாமல் உருக்கி அழுத்தினால் அதே இழை, அதே அளவு, ஆனால் பலன் வெகுவாகக் குறைகிறது. வலை கட்ட நேரமும் இல்லை, வழியும் இல்லை. பிவிசி பலகையை உருக்கித்தானே வார்க்கிறார்கள்? உலர்ந்த நானோ இழையை அதில் கொட்டினால், தண்ணீரை விரும்பும் அது பிவிசியோடு சேராமல் தனக்குள் கட்டி கட்டியாகத் திரளும். மறுபடி மரத்தூள்தான், விலை மட்டும் கூட. யாராவது 'நானோ' என்று ஸ்டிக்கர் ஒட்டிய மூட்டையோடு வந்தால், பலகையை முறித்துச் சோதித்த அறிக்கையைக் கேளுங்கள். கதவுக்கு மரத்தூளே போதும்.